பாரிஸின் வயிறு

பாரிஸ் மாநகரின் நடுவே ‘லே ஆல்’ என்னுமிடத்தில் சுரங்க ரயிலை விட்டு மேலேறும் பிரயாணி, புதுப்பாணிக் கடைத்தொகுதி ஒன்றையே காண்பான். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் அந்நகருக்கு உணவளித்த சந்தை இருந்த இடம் அது. 1183-இல் பிலிப் அகஸ்தஸ் மன்னர் அங்கே வணிகர்களுக்குக் கூடங்கள் அமைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பால்தார் என்னும் கட்டடக் கலைஞர் இரும்பாலும் கண்ணாடியாலும் பெருமண்டபங்களை எழுப்பினார். எமிலி ஸோலா 1873-இல் வெளிவந்த தம் நாவலுக்குப் ‘பாரிஸின் வயிறு’ என்று பெயரிட்டது இச்சந்தையைக் கருதியே. நள்ளிரவில் பாரவண்டிகள் வந்து குவியும். சுமைகூலிகளும், நாடகம் பார்த்துத் திரும்பும் சீமான்களும் அருகருகே அமர்ந்து வெங்காய சூப் அருந்துவர்.

வண்டி நெரிசல் மிகவே, 1969-இல் சந்தை நகருக்குத் தெற்கேயுள்ள ருன்ஜிஸுக்குப் பெயர்ந்தது. அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் 1971 முதல் மண்டபங்களையும் இடித்துத் தள்ளினார்களே, அதற்கு என்ன நியாயம்? முழுமையாகத் தப்பியது ஒன்றுதான். அதைப் பிரித்தெடுத்து நோஜான் என்ற ஊரில் மீண்டும் நிறுத்தினர்.

லே ஆலை அடுத்துள்ள புனித யூஸ்தாஷ் தேவாலயத்துள் பிரயாணி அவசியம் நுழைய வேண்டும். ரேமண்ட் மேசன் என்ற ஆங்கிலச் சிற்பியின் வண்ணச் சிற்பம் அங்கு உண்டு. காய்கனிகளைச் சுமந்த வியாபாரிகள் நகரை விட்டு வெளியேறுகிறார்கள். 1969 பிப்ரவரி 28 என்ற நாள் அச்சிற்பத்தின் பெயரிலேயே சேர்ந்திருக்கிறது.