உங்களுக்குத் தெரியுமா? வளரும் மலை, கரையும் மலை

எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியில் இருப்பது கடலடிச் சுண்ணாம்புக்கல். 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓட்டுத் துணுக்குகள் அதில் பதிந்திருக்கின்றன. அந்தக் கடல்தரையை 8,848.86 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி வைத்தது நாம் நிற்கும் இந்த நிலம்தான். தெற்கிலிருந்து நகர்ந்து போன இந்தியப் புவித்தட்டு, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது. அந்த மோதல் இன்னும் ஓயவில்லை. 2015 ஏப்ரலில் நேபாளத்தை உலுக்கிய நிலநடுக்கத்தின்போது காத்மாண்டு பகுதி சுமார் ஒரு மீட்டர் மேலே எழும்பியது.

இமயமலை வளர்கிறது என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அது கரைவதைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். பாறை வெடிப்புக்குள் இறங்கிய தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கிறது. ஆப்பு அடித்தாற்போல் பாறை பிளக்கிறது. உடைந்ததைப் பனியாறு அரைக்கிறது, மழை உருட்டிவிடுகிறது, கங்கையும் பிரம்மபுத்திராவும் சுமந்து செல்கின்றன. ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் வண்டல்! அதில் ஒரு பங்கு வங்கதேசத்து வயல்களாகவும் சுந்தரவனத் தீவுகளாகவும் தங்கிவிடுகிறது. மிச்சம் கடலுக்குள் இறங்கி, வங்காள விரிகுடாவின் அடியில் சுமார் 3,000 கி.மீ. நீளத்துக்கு விசிறிபோல் விரிந்து கிடக்கிறது. உலகில் இதைவிடப் பெரிய கடலடி வண்டல் விசிறி கிடையாது. சில இடங்களில் அதன் தடிமன் 16 கி.மீ.; எவரெஸ்டின் உயரத்தைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் போகிறவர்கள், உடைந்து வந்த இமயத்தின் மேல்தான் போகிறார்கள்.

அந்தமான் என்றதும் இன்னொன்று. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில், இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்துபோனது. கரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்தது. அதே நாளில் வடக்கு அந்தமானில் தரை உயர்ந்து, பவளப் பாறைகள் தண்ணீருக்கு வெளியே வந்து காய்ந்தன.

1963 நவம்பர். ஐஸ்லாந்துக்குத் தெற்கே மீன்பிடிக்கப் போனவர்கள் கடலில் புகையைக் கண்டு, ஏதோ படகு தீப்பிடித்துவிட்டது என்று உதவிக்கு விரைந்தார்கள். எரிந்தது கடலடி எரிமலை. மறுநாள் அங்கே ஒரு புதுத் தீவு தலைதூக்கியிருந்தது. சர்ட்சி என்று பெயர் வைத்தார்கள். 1967 ஜூனில் எரிமலை அடங்கியபோது தீவின் பரப்பு 2.7 சதுர கி.மீ. அன்று முதல் அலைகள் அதை ஓயாமல் அரிக்கின்றன. இப்போது ஏறக்குறைய பாதிதான் மிச்சம்.

மெக்சிகோவில் ஒரு மக்காச்சோளக் கொல்லையில், 1943 பிப்ரவரி 20 அன்று தரை பிளந்து புகை வந்தது. ஓராண்டுக்குள் அங்கே 300 மீட்டருக்கும் உயரமான குன்று நின்றது. அதுதான் பரிக்குட்டின் எரிமலை.

நயாகரா அருவி நின்ற இடத்தில் நிற்பதில்லை. சுமார் 12,000 ஆண்டுகளில் தன் பாறையைத் தானே அரித்து 11 கி.மீ. பின்வாங்கியிருக்கிறது.

எரிமலையும் இல்லாமல், நிலநடுக்கமும் இல்லாமல் நிலம் உயருமா? உயரும். பனியுகத்தில் வடக்கு ஐரோப்பாவின் மேல் சுமார் 3 கி.மீ. தடிமனுக்குப் பனி அழுத்திக் கிடந்தது. பனி உருகியபின், ஆள் எழுந்துபோன பஞ்சு மெத்தை மெல்ல உப்புவதுபோல், அந்த நிலம் இன்றைக்கும் எழும்பிக்கொண்டிருக்கிறது. பின்லாந்தின் குவார்க்கன் தீவுக்கூட்டத்தில் ஆண்டுக்கு 8 மில்லிமீட்டர் அளவுக்குத் தரை உயர்கிறது; ஒவ்வொரு ஆண்டும் சுமார் ஒரு சதுர கி.மீ. புது நிலம் கடலிலிருந்து வெளிப்படுகிறது.

கடைசியாக, சென்னைக்காரர்களுக்கு. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்லுக்குப் புவியியலில் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கல் இந்தக் கல்தான் என்பதால், தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தப் பெயரைச் சூட்டினார். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் பூமிக்குள் வெகு ஆழத்தில் உருவானது அது. மேலே கிடந்த பல கிலோமீட்டர் பாறையை மழையும் வெயிலும் காற்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் கொண்டுபோன பிறகே நம் கண்ணில் பட்டிருக்கிறது. அடுத்த முறை பரங்கிமலைப் படியேறும்போது, அந்தப் பாறையை ஒரு நிமிடம் நின்று தொட்டுப் பாருங்கள்.