குட்டிப் பூனைக்கு வயிற்றுப்போக்கா? தாயையும் கவனியுங்கள்!

ஷூ கம்பெனியிலிருந்து வந்த காலி அட்டைப்பெட்டி. உள்ளே பழைய புடவைத் துண்டு. ஆம்பூர்ப் பக்கத்தில் பூனைக்குப் பிரசவ வார்டு பெரும்பாலும் இதுதான்!

காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் எட்டிப் பார்க்கிறீர்கள். நாலு குட்டியில் ரெண்டுக்கு வாலடியில் ஈரம், மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பால் குடிக்காமல் 'மீ... மீ...' என்று ஓயாத முனகல். "கொழந்தைக்கு வாங்கின பேதி மருந்து அலமாரில இருக்கே, ரெண்டு சொட்டு விட்டா என்னா?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள்.

விடவே விடாதீர்கள்! பேதியைக் கட்டும் மனித மருந்துகள் குட்டியின் குடலையும் மூளையையும் பாதிக்கலாம். உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமால் கொடுத்தால், அது பெரிய பூனையையே கொன்றுவிடும். பாட்டி வைத்தியமாக வசம்பு, ஜாதிக்காய் உரைத்து ஊற்றுவதும் வேண்டாம்.

1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுக்க வைத்தார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. பேதியில் உயிரை எடுப்பது பெரும்பாலும் உடம்பு இழக்கிற தண்ணீரும் உப்பும்தான் என்பதை உலகம் கண்ணால் பார்த்தது. வேலூர்க்காரர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. குழந்தைகளின் ரோட்டா வைரஸ் பேதிக்கான 'ரோட்டாவேக்' தடுப்பு மருந்தை 2011-ல் டெல்லி, புனேயோடு சேர்த்துப் பரிசோதித்த ஊராயிற்றே!

பூனைக்குட்டிக்கும் அதே கணக்குதான். ஆனால் அவகாசம் ரொம்பக் குறைவு. பிறந்த குட்டியின் எடை சுமார் நூறு கிராம். அந்தச் சின்ன உடம்பில் எவ்வளவு தண்ணீர் இருந்துவிடப் போகிறது? 'சாயங்காலம் வந்து பார்த்துக்கலாம்' என்று விட்டுப்போனால் சாயங்காலம் குட்டி இருக்காது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. முதல் மூன்று வாரம் தாய்தான் நக்கிக் குட்டிகளை மலஜலம் கழிக்க வைக்கிறாள். கழிந்ததையும் அவளே நக்கிச் சுத்தம் செய்துவிடுகிறாள். அதனால் பேதி நம் கண்ணில் படாமலே போகலாம். தராசுதான் கைகொடுக்கும். சமையலறை எலெக்ட்ரானிக் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்துப் பாருங்கள். நாளுக்குப் பத்து கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை அல்லது இறங்குகிறது என்றால் அன்றைக்கே டாக்டர். ஈறு காய்ந்து ஒட்டுவது, சிறுநீர் அடர் மஞ்சளாக வருவது, கையில் எடுத்தால் துவண்டு ஜில்லென்றிருப்பது எல்லாமே ஆபத்தின் அடையாளம்தான்.

ஜில்லென்ற குட்டிக்கு உடனே பால் புகட்டாதீர்கள். அந்த உடம்பால் ஜீரணிக்க முடியாது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபக்கம் இடம் வேண்டும். வேலூர் வெயிலில் இது தேவையில்லை. மார்கழி அதிகாலையில் கட்டாயம் தேவை. மெதுவாகச் சூடேறியதும் தாயின் மடியில் விடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. பசும்பால் வேண்டாம். அதில் புரதம் குறைவு, பேதியையும் கிளப்பும். தாய் இல்லாத குட்டிக்குக் கடையில் பூனைக்குட்டிக்கென்றே பால் பவுடர் கிடைக்கிறது. ஊசியில்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக, குட்டி குப்புற இருக்கும்படி வைத்துக் கொடுங்கள். நம் குழந்தை மாதிரி மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். ஓ.ஆர்.எஸ். கொடுப்பதானால் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் அவரே தோலுக்கடியில் திரவம் ஏற்றுவார்.

இனி தாய். அவளுக்கும் பேதியா? நேற்று என்ன தின்றாள் என்று யோசித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மிச்சமான பிரியாணியா? ஆம்பூர் பிரியாணி நமக்கு அமிர்தம். பூனைக்கோ அதிலிருக்கும் வெங்காயமும் பூண்டும் ரத்த அணுக்களைச் சிதைக்கும் விஷம். கொழுப்பு வேறு வயிற்றைக் கலக்கும். தோல் மண்டிப் பக்கம் சுற்றுகிற பூனையானால் உப்புப் போட்ட பச்சைத்தோலில் கழித்துப் போட்டதைத் தின்றிருக்கலாம். தண்ணீர்? தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றை எப்படிக் கெடுத்தது என்பது 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் போன கதை. உப்புக் கரிக்கிற கிணற்றுத் தண்ணீரை வைக்காமல், நீங்கள் குடிக்கிற தண்ணீரையே அவளுக்கும் வையுங்கள். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியை எலும்பு நீக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பட்டினி போட்டால் பால் வற்றிவிடும்.

தாய் வாந்தியெடுத்து, சாப்பிட மறுத்து, ரத்தம் கலந்து போனால் காத்திருக்க வேண்டாம். தடுப்பூசி போடாத பூனைகளைத் தாக்கும் 'பான்லூகோபீனியா' வைரஸாக இருக்கலாம். டாக்டரிடம் போனதும் முதல் வார்த்தையாக, "பால் கொடுக்கற பூனை சார்" என்று சொல்லிவிடுங்கள். சில ஆன்டிபயாடிக் மருந்துகள் பால் வழியாகக் குட்டிக்குப் போகும். டெட்ராசைக்ளின் வகை குட்டியின் எலும்பையும் பல்லையும் கெடுக்கும்.

பாலோடு புழுவும் போகும் என்பது பலருக்குத் தெரியாது. தாய் உடம்பில் இருக்கும் உருண்டைப் புழுவின் லார்வா பால் வழியாகவே குட்டிக்குள் நுழைகிறது. பிறந்த இரண்டு, மூன்று வாரத்தில் பூச்சி மருந்தை ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கொரு முறை தொடர வேண்டும். தாய்க்கும் கூடவே. எடை பார்த்துத்தான் டோஸ்!

பெட்டித் துணியைத் தினம் மாற்றி வெந்நீரில் அலசுங்கள். குட்டியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கைக்குழந்தையைத் தூக்க வேண்டாம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனைக் கழிவைச் சுத்தம் செய்வது கணவர் வேலை. வேறு ஆளே இல்லையென்றால் கையுறை போட்டுக்கொண்டு தினமும் தவறாமல் அள்ளிவிட வேண்டும். டாக்ஸோபிளாஸ்மா கிருமி அந்தக் கழிவில் தொற்றும் பக்குவத்துக்கு வர ஒரு நாளாவது ஆகும்.