ஈற்றின் எண்ணிக்கையும் ஒரு மரபணுக் குடும்பமும்

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டென்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். சங்கரன்கோவிலை அடுத்த மேலநீலிதநல்லூர் போன்ற மானாவாரிச் சிற்றூர்களில் அப்பொருள் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. மழை பொய்த்து நிலம் கைவிட்ட ஆண்டிலும், வீட்டிலுள்ள ஆடு கைவிடுவதில்லை. பிள்ளைகளின் கல்விக் கட்டணமும், மருத்துவச் செலவும், மகளின் சீரும் ஓர் ஆட்டை விற்ற காசில்தான் பல குடும்பங்களில் நிறைவேறுகின்றன. மேலப்பாளையத்திலும் எட்டயபுரத்திலும் பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் முன்னர் கூடும் ஆட்டுச்சந்தைகளைக் கண்டவர்க்கு இவ்வுண்மை விளங்கும்.

அங்ஙனமாயின், ஓர் ஆடு ஓர் ஈற்றில் எத்தனைக் குட்டி ஈனுகிறது என்பது வெறும் உயிரியல் வினா அன்று. ஒரு குடும்பத்தின் வாழ்வைத் தொடும் வினா ஆகும். நம் பகுதியின் கன்னி ஆடு என்னும் வெள்ளாட்டினம் இரட்டைக்குட்டி ஈனுவது இயல்பு. ஆனால் வேம்பூர் ஆடு முதலிய செம்மறி இனங்கள் பெரும்பாலும் ஒற்றைக்குட்டியே ஈனுகின்றன. இவ்வேறுபாட்டுக்கு அடிப்படை யாது? அதற்கு விடை தரும் ஒரு மரபணுக் குடும்பத்தைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

மரபணுக் குடும்பம் என்பது யாது?

ஒரே மூலச்சொல்லிலிருந்து பல கிளைச்சொற்கள் தோன்றி, உருவில் ஒத்தும் பொருளில் சற்றே வேறுபட்டும் வழங்குவதை மொழியியலார் சொற்குடும்பம் என்பர். மரபணுக்களிலும் இத்தகைய குடும்பங்கள் உண்டு. தொன்மையான ஒரு மரபணு காலப்போக்கில் பலவாகப் பெருகி, ஒவ்வொன்றும் தனித்தனித் தொழிலை மேற்கொள்கிறது. டி.ஜி.எப்.-பீட்டா எனப்படும் பெருங்குடும்பம் அவற்றுள் ஒன்று. பாலூட்டிகளில் இதற்கு முப்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உள்ளனர். எலும்பு வளர்தல், கருவில் உறுப்புகள் உருவாதல், புண் ஆறுதல் எனப் பல பணிகளில் இக்குடும்பப் புரதங்கள் ஈடுபடுகின்றன.

இவற்றுள் ஜி.டி.எப்.9, பி.எம்.பி.15 ஆகிய இரண்டும் சூலகத்தில் வளரும் முட்டையால் சுரக்கப்படுபவை. முட்டையைச் சூழ்ந்த உயிரணுக்களுக்கு அவை செய்தி கொண்டு செல்கின்றன. அவ்வுயிரணுக்களின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகள் செய்தியைப் பெற்று உள்ளே அனுப்புகின்றன. அத்தகைய ஏற்பிகளுள் ஒன்று பி.எம்.பி.ஆர்.1பி ஆகும். முட்டை வாய்திறந்து பேச, சுற்றியுள்ள உயிரணுக்கள் செவிசாய்த்துக் கேட்பது போன்றது இவ்வுறவு. 1996ஆம் ஆண்டில் ஜி.டி.எப்.9 மரபணு நீக்கப்பட்ட பெண் எலிகள் மலடாயின என்ற ஆய்வு முடிவு வெளிவந்தது. முட்டை, தான் வளர்வதற்கான சூழலைத் தானே ஆளுகிறது என்பது அதனால் தெளிவாயிற்று.

கடல் கடந்து திரும்பிய கதை

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்சு மாநிலத்தில் பூரூலா என்றொரு பண்ணை இருந்தது. அங்கு வளர்ந்த மெரினோ செம்மறிகள் ஓர் ஈற்றில் இரண்டு, மூன்று, சிலபோது அதற்கும் மேலாகக் குட்டிகள் ஈன்றன. இதற்குப் பல மரபணுக்களின் கூட்டுச் செயல் காரணமன்று, ஒரே ஒரு பெரு மரபணுவே காரணம் என்பதை 1980களின் தொடக்கத்தில் ஆய்வாளர் கண்டனர். அதற்கு ஃபெக்-பி எனப் பெயரிட்டனர். 2001ஆம் ஆண்டில் மூன்று ஆய்வுக்குழுக்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் அம்மரபணு எதுவென அறிந்தன. மேலே கூறிய பி.எம்.பி.ஆர்.1பி ஏற்பியில் 249ஆம் இடத்திலுள்ள ஓர் அமினோ அமிலம் மாறியிருந்ததே காரணம். ஓரெழுத்து மாறினால் சொல்லின் பொருளே மாறுவதைப் போன்றது இது.

அம்மாற்றம் எங்கிருந்து வந்தது? 1792, 1793ஆம் ஆண்டுகளில் கல்கத்தாவிலிருந்து வங்க ஆடுகள் கப்பலேறி ஆஸ்திரேலியா சென்றதற்குக் குறிப்புகள் உள்ளன. வங்காளத்தின் சுந்தரவனப் பகுதியில் இன்றும் வாழும் கரோல் என்னும் சிற்றினச் செம்மறியிலும் அதே மாற்றம் உள்ளதென்பது 2002ஆம் ஆண்டில் மெய்ப்பிக்கப்பட்டது. ஆஸ்திரேலியப் பண்ணையின் பெயரால் உலகம் அறிந்த மரபணு, சேற்று நிலத்தில் மேயும் இந்திய ஆட்டின் உடைமை என்பது இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னரே தெரியவந்தது.

எவ்வாறு செயற்படுகிறது?

சூலகத்தில் ஒவ்வொரு பருவத்திலும் பல முட்டைப்பைகள் வளரத் தொடங்குகின்றன. இயல்பான செம்மறியில் அவற்றுள் ஒன்றே பெரிதாகி முந்திக்கொள்ள, ஏனையவை வாடிவிடுகின்றன. ஃபெக்-பி மாற்றம் உடைய ஆட்டிலோ, முட்டைப்பைகள் சிறிய அளவிலேயே முதிர்ச்சி பெறுகின்றன. ஆகவே ஒன்றுக்கு மேற்பட்டவை ஒருங்கே முட்டையை வெளியிடுகின்றன. ஒரு குடத்தில் நிறையும் நீரே மூன்று செம்புகளில் நிறைந்ததைப் போன்றது எனலாம்.

இக்குடும்பத்தின் பிற உறுப்பினர்களிலும் மாற்றங்கள் காணப்பட்டன. நியூசிலாந்தின் இன்வர்டேல் ஆடுகளில் பி.எம்.பி.15 மரபணு மாறியிருப்பது 2000ஆம் ஆண்டில் அறியப்பட்டது. இம்மரபணு எக்சு குரோமோசோமில் உள்ளது. மாற்றத்தின் ஒரு படி பெற்ற பெட்டை மிகுதியாக ஈனுகிறது. இரு படிகளும் பெற்றது முற்றிலும் மலடாகிறது. கிடாவுக்கு எக்சு ஒன்றேயாதலால் அது தன் பெண்குட்டிகள் அனைத்துக்கும் மாற்றத்தை வழங்கும். அப்பெண்குட்டிகளை மீண்டும் மாற்றமுடைய கிடாவோடு சேர்த்தால், பிறக்கும் பெட்டைகளுள் சரிபாதி மலடாகும். அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தும் நஞ்சு என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான சான்று வேண்டுவதில்லை. ஃபெக்-பி மாற்றம் இவ்வாறு மலடாக்குவதில்லை. எனினும் இரு படி உடைய ஆடு தாங்க இயலாத அளவுக்குக் குட்டிகளைச் சுமக்க நேரலாம்.

பல்தானில் ஒரு முயற்சி

மகாராட்டிரத்தில் பல்தான் என்னும் ஊரில் 1968ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். தக்காணத்து வறண்ட நிலங்களில் மேயும் தக்காணி ஆடு, நம் செம்மறிகளைப் போன்றே பெரிதும் ஒற்றைக்குட்டி ஈனுவது. கரோல் ஆடோ உருவில் மிகச் சிறியது. வளர்ந்த பெட்டையும் 15 கிலோவுக்குக் குறைவாகவே நிறுக்கும். இரண்டையும் கலந்தால் குட்டி பெருகும். ஆனால் எடை குறையும். எனவே கலப்பினத்தை மீண்டும் மீண்டும் தக்காணியோடு சேர்த்து, உடலைத் தக்காணியாகவும் ஃபெக்-பி ஒன்றை மட்டும் கரோலுடையதாகவும் அந்நிறுவனத்தார் வளர்த்தெடுத்தனர். நாரி சுவர்ணா என்பது அதன் பெயர்.

இங்குதான் மரபணுச் சோதனையின் அருமை புலனாகிறது. கிடா குட்டி ஈனுவதில்லை. அதனிடம் இம்மாற்றம் உள்ளதா என்பதை அறிய, முன்னர் அதன் பெண்குட்டிகள் வளர்ந்து ஈனும்வரை காத்திருக்க வேண்டும். இன்று சிறிதளவு குருதியைக் கொண்டு, பிறந்த சில நாட்களிலேயே அறிந்துவிடலாம். இரு படி உடைய கிடாவை மந்தையில் விட்டால், ஒற்றைக்குட்டி ஈனும் ஆடுகளுக்குப் பிறப்பவை யாவும் ஒரு படி பெறும். அத்தகைய தக்காணி ஆடுகளில் 100 ஈற்றுக்கு ஏறத்தாழ 50 குட்டிகள் மிகுதியாகக் கிடைத்தன. மூன்று குட்டி அரிதாகவே அமைந்தது. சிறு உழவருக்கு ஏற்ற அளவு இதுவேயாம்.

நம் நிலத்துக்கு ஏற்குமா?

இத்தனையும் அறிந்தபின், நம் செம்மறிகளுக்கும் இம்மரபணுவைக் கொணரலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆயினும் ஆடு மேய்ப்பவர் முதலில் கேட்கும் வினா வேறு: "ரெண்டு குட்டிக்குப் பாலுக்கு எங்கே போக?" அறிவியல் மதித்து விடையிறுக்க வேண்டிய வினா இது. ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ ஐந்து மாதம். அதன் கடைசி ஆறு வாரங்களில்தான் கரு விரைந்து வளர்கிறது. இரட்டைக்குட்டி சுமக்கும் ஆட்டுக்கு அப்போது கூடுதல் தீவனம் இல்லையெனில், குட்டிகள் எடை குன்றிப் பிறக்கும். தாய்க்குப் பால் வற்றும். ஒன்றுக்கு இரண்டாகப் பிறந்தும் ஒன்றும் தங்காது போகலாம். பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் கிடைக்காத குட்டி பிழைப்பது அரிது.

ஆகவே கோடைக்காலத்தில் கிடை போட்டு ஊரூராய்ச் செல்லும் பெருமந்தைக்கு ஒற்றைக்குட்டியே நலம். நெடுந்தொலைவு நடக்கும் தாயின் பின்னே இரு குட்டிகள் தொடர இயலா. வீட்டருகே ஐந்தாறு ஆடுகளைக் கட்டி, அகத்தியும் வேலிமசாலும் வெட்டிப் போட இயலும் குடும்பத்துக்கு இரட்டைக்குட்டி வரமாகும். மரபணு எதுவும் செய்யாமலே, கிடா சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து பெட்டைகளுக்கு நல்ல தீவனம் அளித்தால் முட்டை வெளியீடு ஓரளவு மிகும் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

மற்றொன்றும் உண்டு. செவ்வாடும் வேம்பூர் ஆடும் வெயிலையும் வறட்சியையும் தாங்கி நூற்றாண்டுகளாகப் பதப்பட்டவை. கண்டபடி கலப்பினம் செய்து அவற்றின் தூய மந்தைகளை இழந்துவிட்டால், அவ்விழப்பை எச்சோதனைக் கூடமும் ஈடுசெய்யாது. கரோல் ஆட்டைச் சிறியதென்று வங்கத்தார் அன்றே ஒதுக்கியிருந்தால், இன்று உலகம் தேடும் இம்மரபணுவும் மறைந்திருக்கும்.

ஓரெழுத்து மாற்றம் ஒரு குடும்பத்தின் வருவாயை மாற்றவல்லது. ஆனால் அம்மாற்றத்தைக் குட்டியாக்குவது மரபணு. குட்டியை ஆடாக்குவது தீவனமும், தண்ணீரும், அதிகாலையில் எழுந்து பாலூட்டும் ஒரு தாயின் கையுமேயாகும்.