சர்ச் டேட்டா யார் கையில்? சாஃப்ட்வேர் வாங்கும் முன் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

உங்க சர்ச்சின் உறுப்பினர் பட்டியல் எங்கே இருக்கு? பல சபைகளில் ஒரு வாலண்டியரின் லேப்டாப்பில், எக்செல் ஃபைலாக. அவர் வேலை மாறி வெளியூர் போனால் பட்டியலும் கூடவே போயிடும்.

அதில் என்ன இருக்கு?

போன் நம்பர், காணிக்கைக் கணக்கு, ஜெப விண்ணப்பங்களில் எழுதிய நோய் விவரம், ஞாயிறு பள்ளிக் குழந்தைகளின் பெயர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மத அமைப்புகளுக்கெனத் தனி விலக்கு இல்லை. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களில் அமலாகும். 18 வயது நிரம்பாதவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

எதைப் பார்த்து வாங்கணும்?

டெமோவில் காட்டும் வசதிகளைவிட இந்த மூன்றும் முக்கியம்:

1. முழு டேட்டாவையும் நாமே டவுன்லோட் பண்ண முடியுமா?
2. காணிக்கைக் கணக்கு பார்ப்பவர் ஜெப விண்ணப்பங்களைப் பார்க்க முடியாதபடி தனித்தனி அனுமதி இருக்கா?
3. அக்கவுண்ட் சர்ச் பெயரில், இரண்டு அட்மின்களோடு இருக்குமா?

மூன்றுக்கும் ‘ஆமா’ வந்த பிறகு விலை பேசுங்க. சின்ன சபைக்கு ஆன்லைன் ஸ்ப்ரெட்ஷீட்டே போதும். ஆனால் இதே கேள்விகள் அதுக்கும் பொருந்தும்.