கைப்பும் உவப்பும்

இனித்தல், புளித்தல், உவர்த்தல், கைத்தல், கார்த்தல், துவர்த்தல் எனச் சுவையை ஆறாக வகுத்தனர் நம் முன்னோர். இச்சொற்களை ஊன்றி நோக்குவார்க்கு ஒரு வியப்புப் புலனாகும். 'கைத்தல்' என்பது கசத்தலையும் குறிக்கும், வெறுத்தலையும் குறிக்கும். 'உவர்த்தல்' என்பது உப்புச் சுவைபடுதலாகும், அருவருத்தலுமாகும். 'புளித்தல்' என்னுஞ் சொல்லோ கேட்டதையே கேட்டுச் சலித்தவிடத்தும் வழங்குகின்றது. இனிமைக்கும் இன்பத்துக்கும் வேர் ஒன்றே. ஒரு சுவையை அறிதலும் அதனை விரும்புதலும் வெறுத்தலும் ஒரே கணத்தில் நிகழ்வன என்பதை மொழி தன்னுள்ளேயே பொதிந்து வைத்திருக்கின்றது. நாவிற் பட்ட பொருளைப்பற்றி நடுவுநிலை நின்று பேசுதல் எவர்க்கும் அரிது.

ஆயினும், எல்லா உணவும் மக்களை இரு கட்சியாகப் பிரிப்பதில்லை. வெண்சோற்றை வெறுப்பார் அரியர். பாகற்காயோ கருவாடோ வேப்பம்பூ வடகமோ வந்துவிட்டால் பந்தி இரண்டுபடும். யாழ்ப்பாணத்திலே இவ்வகையில் முதலிடம் பெறுவன பனம்பண்டங்கள். ஒடியற்கூழ் என்ற அளவிலே நாவூறுவார் ஒருசாரார். முகஞ் சுளிப்பார் மற்றொருசாரார். பனாட்டை இனிப்புப் பண்டத்தினும் மேலாகப் போற்றுவாரும் உளர். அம்மணம் வீசும் அறையில் இருக்கவும் ஒருப்படாதாரும் உளர். இடையில் நிற்பார் சிலரே. இஃது என்னை?

முதற் காரணம் பிறப்பு. 1931 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ஆர்தர் ஃபொக்ஸ் என்னும் இரசாயன அறிஞர் பினைல்தயோகாபமைட்டு என்ற தூளைக் கையாண்டுகொண்டிருந்தபோது, அது காற்றிற் சிறிது பறந்தது. உடனிருந்த அறிஞர் வாய் கைக்கின்றதென முறையிட்டார். ஃபொக்ஸுக்கோ யாதொரு சுவையும் தோன்றவில்லை. பலரைச் சோதித்தபோது சிலர் அக்கைப்பை உணர்தலும் சிலர் உணராமையும் கண்டனர். இவ்வேறுபாடு பெற்றோர்வழி வருவதென்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதற்குரிய பரம்பரையலகும் 2003 இல் இனங்காணப்பட்டது. கோவா இனத்து மரக்கறிகளின் கைப்பைச் சிலர் மிகுதியாக உணர்தற்கும் இதுவே ஓர் ஏதுவென்பர். கொத்தமல்லி இலை சிலர்க்குச் சவர்க்காரம்போல் மணப்பதற்கு மூக்கைச் சார்ந்த பரம்பரையலகு ஒன்று ஓரளவு காரணமென 2012 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆகவே, 'கைக்கின்றது' என்று ஒரு பிள்ளை கூறுமாயின் அது பொய்யன்று. நம் நாவுக்கு எட்டாத ஒன்று அதன் நாவுக்கு எட்டியிருத்தல் கூடும்.

இரண்டாவது காரணம் பழக்கம். நச்சுப்பொருள் பல கைப்பனவாதலின், கைப்பைக் குழந்தை துப்புதல் இயற்கை அளித்த காவலாகும். அக்காவலை மெல்லத் தளர்த்துவது தாயின் கை. 2001 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, கருவுற்ற காலத்தே கரட் சாறு பருகிய தாயரின் குழந்தைகள் கரட் சேர்ந்த உணவை முகஞ் சுளியாது ஏற்றன எனக் கண்டது. நம் பாட்டியர் ஆய்வுகூடம் கண்டவரல்லர். ஆயினும், வேப்பம்பூ வடகத்தைப் பொரித்து நொறுக்கி ஒரு கவளத்திலே ஒரு துணுக்காக வைத்து ஊட்டும் முறையை அவர்கள் அறிந்திருந்தனர்.

கைப்பைத் தணிக்கும் வகையும் அவர்கட்குத் தெரியும். பனம்பழத்தின் களியிலுள்ள கைப்பு, சபோனின் வகையைச் சேர்ந்த ஃபிளபெலிஃபெரின் என்ற பொருளால் விளைவதென இக்கால அறிஞர் கூறுவர். அப்பெயர் அறியாத நம் பெண்டிர், வளவிலுள்ள எந்தப் பனை இனிக்கும், எந்தப் பனை கைக்கும் என்று மரத்துக்கு மரம் அறிவர். இனித்த பழம் பணியாரத்துக்கும் பனாட்டுக்கும் ஆகும். கைத்தது மாட்டுக்கு ஆகும். பனங்கிழங்கை அவியாது கிழித்து வெயிலிற் காயவைத்தது ஒடியல். அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல். ஒடியல் மாவிலும் ஒரு கைப்பு உண்டு. கூழுக்கு எடுக்குமுன் அதனை நீரிலே ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்துவிடுவர். பின்னர் மீனும் நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் வெந்த நீரிலே புளியும் செத்தல் மிளகாய்க் கூட்டும் சேர்த்து அம்மாவைக் கரைத்து விடுவர். எஞ்சி நிற்கும் அச்சிறு கைப்பே கூழின் உயிர் என்பது என் துணிபு. அக்கைப்பே அதனை விலக்குவார்க்கும் காரணமாகின்றது.

நிற்க. நாவும் பழக்கமும் ஒத்திருந்தும் இருவர் வேறுபடுதல் உண்டு. அதற்குக் காரணம் நினைவு. 1990 ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குப் பல பொருள்கள் வருதல் தடைப்பட்டது. சீனி அருமையாயிற்று, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் பருகினோம். எம் அன்னையார் வாரத்திற் பல நாள் ஒடியற்பிட்டு அவிப்பார். யானும் தமையனாரும் ஒரே பெட்டியிலிருந்து பங்கிட்டு உண்டோம். இன்றும் அப்பிட்டின் ஆவிமணம் எழுந்தால் என் உள்ளம் குளிரும். அன்னையாரின் கை என் முன் நிற்கும். தமையனாரோ அம்மணம் பட்டவுடன் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார். அவர்க்கு அது விளக்கெண்ணெயும் இல்லாத இரவுகளின் மணம். ஒரே தாய், ஒரே அடுப்பு, ஒரே பிட்டு. அவரை உண்ணுமாறு யான் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. அவர் விலக்குவது பிட்டையன்று என்பதை யான் அறிவேன்.

இம்மூன்றும் மதித்தற்குரிய வெறுப்புக்கள். நான்காவது ஒன்று உண்டு. அது நாவிற் பிறப்பதன்று. பிறர் நகைப்பர் என்ற அச்சத்திற் பிறப்பது.

யான் கற்பிக்கும் கல்லூரியில் சில ஆண்டுகளின்முன் மாணவன் ஒருவன் மதிய உணவாக ஒடியற்பிட்டுக் கொணர்ந்திருந்தான். அருகிருந்தவன், "இதென்னடா பஞ்சச் சாப்பாடு!" என்று நகைத்தான். நாலைந்துபேர் உடன்நகைத்தனர். கொணர்ந்தவன் பொதியை மூடிவைத்துவிட்டு, தண்ணீர் மட்டும் குடித்தான். வாயிலில் நின்று கண்ட யான் எவரையும் கடிந்திலேன். பிற்பகற் பாடம் தொல்காப்பிய எழுத்ததிகாரம். உயிர்மயங்கியலைத் திறந்து, நகைத்த மாணவனையே எழுப்பி, 'பனை' என்பதன் முன் 'அட்டு' வரின் எவ்வாறு புணரும் எனக் கரும்பலகையில் எழுதச் செய்தேன். நன்மாணாக்கனாதலின், ஐகாரம் கெட்டு ஆகாரம் வருமெனப் பிழையின்றி எழுதினான். "பனாட்டு என்றால் யாது?" என்றேன். விழித்தான். வகுப்பு முழுவதும் விழித்தது. உணவை மூடிவைத்தவன் மட்டும் மெல்லக் கையுயர்த்தி, "ஐயா, அது எங்கடை அம்மம்மா செய்யிறவ. களியைப் பாயிலை ஊத்திக் காயவிடுறது" என்றான்.

இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையதெனப் போற்றப்படும் இலக்கணம், ஒரு தின்பண்டத்தின் பெயருக்காகத் தனியே ஒரு விதி வகுத்திருக்கின்றது. அவ்விதியைப் பிழையறப் புணர்க்கக் கற்ற வகுப்பிலே, அப்பண்டத்தை அறிந்தவன் நகைக்கப்பட்டவன் ஒருவனே! அந்நூலே மூவேந்தர்க்குரிய பூக்களாகக் கூறுவன போந்தை, வேம்பு, ஆர் என்பன. போந்தையாவது பனை, சேரன் சூடியது அதன் பூ. வேம்பு பாண்டியன் சூடியது. கைப்புடைய இரு மரங்கள் முடிவேந்தர் தலையிலேறின. அவற்றை வறுமையின் அடையாளம் என்று சொல்லப் பழகியோர் நாமே.

மறுவாரம் அச்சிறுவன் கடுதாசியிற் சுற்றிப் பனாட்டுக் கொணர்ந்தான். அனைவர்க்கும் ஒவ்வொரு துண்டு கிடைத்தது. சிலர் மீண்டும் கைநீட்டினர். முன்பு நகைத்தவன் மென்று பார்த்து, "கைக்குதடா, எனக்கு வேண்டாம்" என்றான். அதில் ஏளனம் இல்லை. நா ஒன்றே பேசிற்று. கொடுத்தவனும் அதனாற் குன்றினானல்லன். "அப்ப உன்ரை பங்கு எனக்கு" என்று வாங்கி வாயிலிட்டுக்கொண்டான்.

பிள்ளைகளைப் பெற்றோர்க்கும் கற்பிப்போர்க்கும் யான் கூறவிழைவது இதுவே. உவவாததை உண்ணென்று ஒரு பிள்ளையை அடித்து ஊட்டுதல் வேண்டா. ஆயின், சுவைத்துப் பாராத ஒன்றை இழிந்ததென்று அது சொல்லுமாயின், அச்சொல்லை அதற்குக் கற்பித்தவர் யாவரென ஆராய்தல் வேண்டும். ஆவணியும் புரட்டாதியும் பனம்பழம் விழுங் காலம். வேலியோரத்தில் விழுந்து அழுகும் பழங்களுள் இனிக்கும் மரத்தது எதுவென்று சொல்லத்தக்க முதியவள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றாள். அவள் இருக்கும்போதே பிள்ளைகளை அழைத்துச் சென்று ஒரு விரல் களியை நாவில் தடவுமின். கைப்பின் துப்பட்டும், உவப்பின் இன்னும் கேட்கட்டும்.