‘நோ ஃபில்டர்’ படம் எங்கே இருக்கிறது?

படத்துக்குக் கீழே சிலர் பெருமையாக ‘நோ ஃபில்டர்’ என்று எழுதுகிறார்கள். எடிட் செய்தவர்களோ ஏதோ கள்ள வேலை பார்த்தவர்கள்போல் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. இரண்டு தரப்புக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: போன் தருவது உள்ளபடியான படம், நாம் கை வைத்த பிறகுதான் எடிட்டிங். இது எங்கே சறுக்குகிறது என்று போனுக்குள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

லென்ஸுக்குப் பின்னால் சென்சார் என்ற சின்னத் தகடு. அதில் கோடிக்கணக்கான ஒளிப்புள்ளிகள். தன்மேல் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று மட்டும்தான் ஒவ்வொரு புள்ளியும் அளக்கும். நிறம் அதற்குத் தெரியாது. அதனால் ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஏதோ ஒரு நிறத் திரை பதித்திருப்பார்கள். கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. வெளிச்ச வேறுபாடுகளை நம் கண் பச்சையில்தான் நன்றாகப் பிரித்தறியும் என்பதால், பாதிப் புள்ளிகள் பச்சைக்கு. மிச்சம் சிவப்புக்கும் நீலத்துக்கும் சரிபாதி. ஆக, ஒரு புள்ளிக்கு ஒரு நிறம்தான் நேரடியாகத் தெரியும். மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துப் போன் கணக்குப் போட்டு நிரப்புகிறது. உங்கள் படத்தின் நிறத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம்தான். நல்ல ஊகம், ஆனாலும் ஊகம்.

அதோடு முடியவில்லை. இன்றைய பல போன்கள் ஒரு தடவை தட்டினால் பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சேர்க்கின்றன. இருட்டுப் பகுதியைத் தூக்கி, வெளிச்சப் பகுதியை அடக்கி, புள்ளிபுள்ளியாகத் தெரியும் இரைச்சலைத் துடைத்து, ஓரங்களைக் கூர்மையாக்கி, கடைசியில் ஜேபெக் கோப்பாகச் சுருக்கி வைக்கின்றன. நீங்கள் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே இத்தனையும் நடந்துவிடுகிறது. எடிட் செய்யாத படம் என்று நாம் சொல்வது, போன் எடிட் செய்த படத்தைத்தான்.

ஜேபெக் என்பது வடித்த சோறு. அதில் எலுமிச்சை பிழியலாம், புளிக்காய்ச்சல் போட்டுக் கிளறலாம், தயிர் விட்டுப் பிசையலாம். இட்லிக்கு அரைக்க முடியாது. அரிசியாகவே வேண்டும் என்பவர்களுக்குப் பல போன்களின் ‘ப்ரோ’ முறையில் ‘ரா’ என்றொரு வசதி உண்டு. அன்றாடப் படத்துக்கு அந்தப் பாடு வேண்டாம் என்பது என் எண்ணம்.

ஆனால் சோறு என்று தெரிந்தபின் நம் வேலை மாறுகிறது. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள்தான். உச்சிவெயிலில் கோபுரத்தை எடுக்கிறோம். பின்னால் மேகம் இருந்த இடம் மூன்று நிறத்திலும் 255ஐத் தொட்டு வெள்ளைவெளேர் என்று நிற்கிறது. எடிட் செய்யும்போது ‘ஹைலைட்ஸ்’ என்ற இழுகோலை (ஸ்லைடரை) எவ்வளவு கீழே இழுத்தாலும் மேகம் வராது; வெள்ளை சாம்பலாகும், அவ்வளவுதான். இல்லாததை அந்தக் கோலால் கொண்டுவர முடியாது. நிழல் அப்படியல்ல, இழுத்தால் கொஞ்சம் வெளிவரும், இரைச்சலையும் கூட்டிக்கொண்டு. எனவே எடுக்கும்போதே வெளிச்சமான இடத்தைத் திரையில் தொட்டு, அங்கே தோன்றும் சூரியக் குறியைச் சற்றுக் கீழே இழுத்துவிட வேண்டும். படம் கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தால் பரவாயில்லை.

இதற்கு நேர்மாறான சிக்கல் வேட்டியில் வரும். காட்சியில் உள்ள வெளிச்சத்தைச் சராசரியாக்கி நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்ப்பது கேமராவின் பழக்கம். வெள்ளைச் சுவரோரம் வெள்ளை வேட்டி சட்டையில் நான்கு பேர் நின்றால், பல நேரம் வேட்டி துவைக்காததுபோல் மங்கிப்போகும். ‘எக்ஸ்போஷர்’ஐ ஏற்றினால் சரியாகிவிடும். அந்த வேட்டியே நிறத்துக்கும் அளவுகோல்: மஞ்சள் பல்பின் கீழ் எடுத்த படத்தில் ‘வார்ம்த்’ கோலை நீலப் பக்கம் தள்ளுங்கள், வேட்டி கிட்டத்தட்ட வெள்ளையானதும் நிறுத்துங்கள். முழு வெள்ளையாகும்வரை தள்ளினால் முகங்களில் ரத்தம் வற்றிவிடும்.

‘சாச்சுரேஷன்’ மேல் நமக்கெல்லாம் ஒரு மோகம். பளிச்சென்ற சிவப்புப் பட்டுப்புடவைக்கு அதை ஏற்றிப் பாருங்கள். சிவப்பு 255இல் போய் முட்டும். மடிப்பும் நெசவும் காணாமல் போய்ப் புடவை ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். ‘வைப்ரன்ஸ்’ என்ற கோல் இருந்தால் அதைத் தொடுங்கள், அது மங்கிய நிறங்களைத்தான் அதிகம் தூக்கும்.

முகத்தை வெளுக்க வைக்கும் ‘பியூட்டி’ ஃபில்டரை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கருத்த தோலைக் காட்டுவதில் கேமராக்கள் நெடுங்காலமாகத் தவறி வந்திருக்கின்றன. அதைச் சரிசெய்யவே கூகுள் 2021இல் பிக்சல் 6 போனில் ‘ரியல் டோன்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இயந்திரமே திருந்தும்போது நாம் அம்மாவின் நிறத்தை மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சில போன்களின் முன்பக்கக் கேமராவில் அந்த ஃபில்டர் தானாகவே போட்டிருக்கும், அணைத்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள். இரவில் திரையை மஞ்சளாக்கும் ‘நைட் லைட்’ எரிந்துகொண்டிருக்கும்போது நிறத்தைத் திருத்தாதீர்கள். காலையில் அந்தப் படம் நீலம் பாரித்துத் தெரியும். திரை வெளிச்சத்தையும் பாதிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மங்கிய திரையை நம்பிப் படத்தை வெளுத்துவிடுவோம்.

ஜேபெக்கைத் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தகவல் உதிரும். இன்ஸ்டாகிராம் தன் பங்குக்கு 1080 புள்ளி அகலத்துக்குச் சுருக்கும். எனவே எப்போதும் மூலப்படத்தில் தொடங்குங்கள், வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த நகலில் வேண்டாம். சித்தப்பா எடுத்த கல்யாணப் படம் வேண்டுமென்றால், அதைச் சுருங்காமல் ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள்.