வீதி வீதியாக மதுரை

மதுரையை நடந்தே அறிய நினைப்பவருக்கு எங்கே தொடங்குவது என்ற குழப்பம் இல்லை. நடுவில் மீனாட்சியம்மன் கோயில். மதிலுக்குள்ளே ஆடி வீதிகள், மதிலையொட்டிச் சித்திரை வீதிகள், அதைச் சூழ்ந்து ஆவணி மூல வீதிகள், அதற்கப்பால் மாசி வீதிகள், எல்லாவற்றுக்கும் வெளியே வெளி வீதிகள். ஒவ்வொரு சுற்றிலும் திசைக்கொரு வீதி. கோயிலிலிருந்து எந்தப் பக்கம் புறப்பட்டாலும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்குள் வெளி வீதிக்கு வந்துவிடலாம். இந்த அமைப்பு வெகுகாலமாக மாறாமல் இருக்கிறது. மாறியது நடக்கிறவரின் நிலை.

ஒரு காலத்தில் கோட்டைச் சுவரோடு ஊர் முடிந்தது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் அந்தச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். அந்த வேலையை மேற்பார்த்தவர்களின் பெயரில்தான் மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் இருக்கின்றன. பிளாக்பர்னுக்கு நன்றியாக ஊரார் எழுப்பிய விளக்குத்தூண் இன்று ஜவுளிக்கடைக் கூட்டத்துக்கு நடுவே நிற்கிறது. 1875இல் ரயில் வந்தது. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மதுரையின் மக்கள்தொகை 1,05,984. அவர்களில் பெரும்பாலோருக்கு வீடு, கடை, கோயில், சந்தை எல்லாமே நடை தூரத்தில் இருந்தன. 2011இல் அந்த எண்ணிக்கை 10,17,865. ஊர் வைகையின் இரு கரைகளிலும் வெகுதூரம் பரவிவிட்டது. அன்று எல்லோரும் நடந்தார்கள், அதனால் நடப்பதை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. இன்று பழைய நகருக்குள் நடப்பதற்கென்றே ஒரு காலையை ஒதுக்க வேண்டியிருக்கிறது.

வழி கண்டுபிடிக்கும் முறையும் மாறிவிட்டது. அன்று வெளியூர்க்காரருக்குக் கோபுரங்களே வழிகாட்டின. 160 அடிக்கு மேல் உயர்ந்த தெற்குக் கோபுரம் எந்தச் சந்தில் நின்றாலும் ஓட்டு வீடுகளுக்கு மேலே தெரிந்தது. எந்தக் கோபுரம் எந்தக் கைப்பக்கம் என்று பார்த்தாலே நிற்கும் வீதி விளங்கிவிடும். அதற்கும் பிடிபடாத வீட்டைத் திண்ணையில் இருப்பவரிடம் கேட்டால், அந்த வீட்டுக்காரரின் தொழிலும் சொந்த ஊரும் சேர்ந்தே காதில் விழும். கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக்கூடாது என்ற விதி இன்றும் உண்டு. ஆனால் அதை மீறி எழுந்த மாடிகளுக்கும் விளம்பரப் பலகைகளுக்கும் பின்னால் கோபுரம் பல இடங்களில் மறைந்துவிடுகிறது. கோபுரத்தின் இடத்தை இப்போது கைபேசி வரைபடம் எடுத்துக்கொண்டிருக்கிறது. தேடிய கதவின் முன்னால் அது பெரும்பாலும் பிழையின்றிக் கொண்டுபோய் நிறுத்துகிறது. முன்பின் தெரியாத ஒருவர் யாரையும் நம்பியிராமல், தயங்காமல் சந்துக்குள் நுழைய முடிகிறது. அதில் கிடைக்காதது அந்தத் திண்ணைப் பேச்சு.

தெருவுக்கு ஒரு தொழில் என்று இருந்த ஊர் இது. எழுத்தாணிக்காரத் தெரு, வெங்கலக்கடைத் தெரு, வளையல்காரத் தெரு என்ற பெயர்களே அதற்குச் சான்று. பனையோலை போனதோடு எழுத்தாணியும் போயிற்று. நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் சௌராஷ்டிர நெசவாளர்கள் விடிகாலையில் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டிய காலம் உண்டு. வண்டிகள் அதற்காக வேறு தெரு வழியாகச் சுற்றிப் போயின. வீட்டுக்குள் பெண்கள் கையால் முடிச்சிட்ட சுங்குடிச் சேலைக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் அச்சிட்ட சுங்குடி கடைகளை நிறைத்திருந்தது. தறிச் சத்தம் ஓய்ந்த அந்தத் தெருக்களில் இன்று பாவு நீட்ட இடமும் இல்லை. இருபுறமும் இருசக்கர வாகனங்கள் வரிசையாக நிற்கின்றன.

வடக்கு ஆவணி மூல வீதியில் சென்ட்ரல் மார்க்கெட் இருந்தபோது, நள்ளிரவுக்குப் பின்னும் மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும். தூங்கா நகரம் என்ற பெயருக்கு அந்த வீதியும் ஒரு காரணம். வெங்காயச் சருகும் கொத்தமல்லி வாசமும் வீதிமுனையிலேயே சந்தையைச் சொல்லிவிடும். காய்கறி வியாபாரம் பழைய நகருக்கு வெளியே உள்ள மாட்டுத்தாவணிக்குப் போனது. லாரிகளின் நெரிசல் குறைந்தது, விளைபொருளோடு வருகிறவருக்கும் அலைச்சல் குறைந்தது. சந்தை இருந்த இடத்தில் இப்போது பல அடுக்கு வாகன நிறுத்துமிடம் நிற்கிறது. திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் நேற்றுவரை சிற்பத் தூண்களுக்கிடையே தையல் இயந்திரங்கள் ஓடின. பாத்திரமும் புத்தகமும் வளையலும் அங்கேயே விற்றன. கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. துணிக்கும் ஆணிக்கும் பின்னால் மறைந்திருந்த சிற்பங்களுக்கு விடுதலை கிடைத்தது. ஆனால் ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நேரத்தில் அண்ணாந்து சிற்பம் பார்த்தவர்கள் இனி தனியே நேரம் ஒதுக்கித்தான் அங்கே வர வேண்டும்.

இழந்தவற்றை மட்டும் எண்ணினால் கணக்கு பொய்யாகிவிடும். அன்றைய வீதிகள் எல்லோருடைய கால்களுக்கும் ஒன்றுபோல் திறந்திருக்கவில்லை. கோபுரத்தைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாதய்யர், சாதியால் தடுக்கப்பட்டிருந்த கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்தார். அந்த நாளுக்கு முன் இந்த நகரின் நடுப்புள்ளி பலருக்கு எட்டாத இடம். இன்று அங்கே நுழைகிறவரை யாரும் சாதி கேட்டு நிறுத்துவதில்லை. வாகனங்களைத் தடுத்துக் கல் பாவிய சித்திரை வீதிகளில் குழந்தைகள் கையை உதறிவிட்டு ஓடுகிறார்கள். பெண்கள் இரவு வெகுநேரம் வரை கூட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்கள். பழைய நாட்களின் அமைதியை நினைத்து ஏங்குகிறவர்கள் இந்தக் காட்சியையும் தராசில் வைத்து நிறுக்க வேண்டும்.

அறிந்து நடப்பதும் இன்று கூடியிருக்கிறது. மேல மாசி வீதியில் 251ஏ எண்ணுள்ள வீட்டில் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையைத் துறந்து நான்கு முழ வேட்டிக்கு மாறினார். அங்கே இப்போது கதர்க்கடை இயங்குகிறது. பிழைப்புக்காகத் தினமும் அந்த வாசலைக் கடந்தவர்களில் எத்தனை பேர் அதற்காக நின்றிருப்பார்கள்? இன்று அதைத் தேடியே நடந்து வருகிறார்கள். எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010இல் தொடங்கிய பசுமை நடை, மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குன்றுகளுக்குக் குடும்பம் குடும்பமாக மக்களை அழைத்துச் சென்றது. அன்று ஊருக்குள் நடந்தவருக்கு ஊர் பழக்கத்தால் தெரிந்தது. இன்று நடப்பவர் படித்தும் கேட்டும் அதைத் தெரிந்துகொள்கிறார். முன்னதில் நெருக்கம் அதிகம், பின்னதில் விரிவு அதிகம்.

சித்திரை வீதியைத் தாண்டி ஆவணி மூல வீதியில் கால் வைத்தவுடன் நடப்பவரின் நிலை மாறிவிடுகிறது. நடைபாதையில் சரக்கு, ஓரத்தில் வண்டிகள், எஞ்சிய இடத்தில் ஒலிப்பான்கள். ஆனால் வீதிகள் நடப்பதற்குத் தகுதியற்றுப் போய்விடவில்லை என்பதை ஒவ்வொரு சித்திரைத் திருவிழாவும் காட்டுகிறது. தேரோட்டத்தன்று நான்கு மாசி வீதிகளும் வாகனங்களை விலக்கிவிட்டு, பெருங்கூட்டத்தைக் கால்நடையாகவே தாங்குகின்றன. தேர் திரும்புவதற்கென்று அகலமாக விடப்பட்ட மூலைகளில் ஜனங்கள் நிறைகிறார்கள். கடைகளும் நடக்கின்றன, ஊரும் நடக்கிறது. ஆண்டுக்கொரு நாள் தேருக்காக ஒதுங்கும் வாகனங்கள், வாரத்தில் ஒரு காலைப்பொழுது நடப்பவருக்காகவும் ஒதுங்கலாம். அதற்குப் புதிய வீதி எதுவும் போட வேண்டியதில்லை.